வேண்டாத சத்தம்

தையல் மெஷின் ரிப்பேர்காரருக்கு எந்த மெஷினும் பயமில்லை. நாலு திருகைக் கழற்றினால் போதும், உள்ளே இருக்கும் நோய் தெரிந்துவிடும். ஆனால் இந்த வீடியோ வெட்டும் சாஃப்ட்வேருக்குத் திருகே இல்லை. சனிக்கிழமை காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

விஷயம் இதுதான். ரயிலைப் படம் பிடிக்கிற பைத்தியங்களுக்கென்று ஊரில் ஒரு சங்கம் உண்டு. அதில் ஒரே ஒரு கறாரான விதி: படத்தில் மனிதக் குரல் வரக் கூடாது, ரயில் மட்டும்தான் பேச வேண்டும். இவர் கொடுத்த இரண்டு படங்களையும் அந்த விதியைக் காட்டியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் அவர் மனைவி. கேமரா வெயிலில் சூடாகாமல் இருக்கப் பின்னால் குடை பிடித்து நிற்பவள், சும்மா நிற்க மாட்டாள், தொணதொணவென்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள்.

மூன்று வாரம் முன்பு, பழைய டீசல் எஞ்சின் ஒன்று கடைசியாக ஓடியது. அன்றைக்கு மேம்பாலத்தில் நின்று அதைப் படம் பிடித்தவர் இவர் ஒருவர்தான். நாளை சங்கக் கூட்டம். இந்தப் படமும் திரும்பி வந்தால் இனி சங்கத்து வாசலையே மிதிப்பதில்லை என்று சபதம் வேறு போட்டிருக்கிறார். படத்திலோ, எஞ்சின் தூரத்தில் ஹார்ன் அடிக்கும் அதே நொடியில், "ஏங்க, வீட்டுச் சாவியை எடுத்தீங்களா?" என்கிறது மனைவியின் குரல். அதை வெட்டினால் ஹார்னும் போகும்.

முதலில் இறக்கிய இலவச சாஃப்ட்வேர் தன் பெயரை எஞ்சினின் நெற்றியிலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்தது. இரண்டாவது, வேலையெல்லாம் முடிந்து சேமிக்கும்போதுதான் பணம் கேட்டது. இலவசம் என்ற சொல்லுக்கு அகராதியில் வேறு அர்த்தம் போட்டுவிட்டார்களோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. மூன்றாவது நிஜமாகவே இலவசம்தான். ஆனால் திறந்தால் திரை முழுக்கப் பொத்தான். எதைத் தொட்டாலும் படம் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது.

மண்டை காய்ந்துபோய், சங்கச் செயலாளரான பல் டாக்டருக்குப் போன் போட்டார்.

"அதுலயே 'வேண்டாத சத்தத்தை நீக்கு'ன்னு ஒரு பட்டன் இருக்கும் சார். ஒரு தட்டு தட்டுங்க, பளிச்சுனு ஆயிடும். சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க, அப்புறம் என்னால சேர்க்க முடியாது."

தட்டினார். நீலக் கோடு ஒன்று மெல்ல நிரம்பி முடிந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தார்.

எஞ்சின் வந்தது, ஆனால் ஹார்ன் இல்லை. சாவியை எடுத்தீர்களா என்ற கேள்வி மட்டும் கணீரென்று கேட்டது. இருபத்திரண்டு பெட்டிகள் பூனை மாதிரி ஓசையில்லாமல் பாலத்துக்கடியில் போயின. சாஃப்ட்வேருக்கு ரயில்தான் வேண்டாத சத்தமாம்! 'அட முட்டாளே, தலைகீழாச் செஞ்சு வச்சிருக்கியே' என்று அவர் நிறுத்தப் போகையில், மனைவியின் குரல் மறுபடி வந்தது. ரயிலின் இரைச்சலுக்கு அடியில் இத்தனை நாள் கிடந்த குரல்.

"இடது கண்ணு மங்கிக்கிட்டே வருதுங்க. எஞ்சினைப் பாரு பாருங்கறீங்க, எனக்கு ஏதோ கறுப்பா அசையறதுதான் தெரியுது. சொன்னா கேமராவைத் தூக்கி மூலையில போட்டுட்டு ஆஸ்பத்திரியே கதின்னு இருப்பீங்க. இந்தக் கிழட்டு எஞ்சின் போய்ச் சேரட்டும், அப்புறம் சொல்லிக்கறேன்."

அவர் பின்னுக்கு இழுத்து மறுபடி கேட்டார். சந்தேகத்துக்கு இடமே இல்லை, அதே வார்த்தைகள்தான். எஞ்சின் போய் மூன்று வாரமாகிறது. இவளும் சொல்லவில்லை, இவரும் அதன்பின் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்ததாக நினைவில்லை.

மனைவி துணி மடித்தபடி எட்டிப் பார்த்தாள். "என்ன, என் குரல் ஒழிஞ்சுதா? இந்தத் தடவையும் என்னாலதான் கெட்டுச்சுன்னு சொல்லிடாதீங்க."

அவர் எழுந்து, அவளை நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டினார். மேசையில் போன் அடித்தது. பல் டாக்டர்தான். அடித்து அடித்து நின்றது.

கேட்டு முடித்தவள் திரும்பவில்லை. மடித்த சட்டையை மடியில் வைத்து மறுபடி மடித்தாள்.

"ரயில் சத்தத்துல உங்களுக்குக் கேக்காதுன்னு நெனச்சேன்."

"கேக்கலதான்," என்றார் அவர்.