ஐம்பது தோட்டா, ஒரு பை

தோட்டாக்களைச் சுமக்க இந்த உலகத்தில் மூன்றே வழிகள்தான் உண்டு. இடுப்பில் பெல்ட், தோளில் தோல்பை, இல்லாவிட்டால் கோட்டுப் பாக்கெட். இந்த மூன்றையும் கண்டுபிடித்த மகராசன்களுக்கு வயிறு என்று ஒன்று இருக்கிற நினைப்பே இருந்திருக்காது. பெல்ட் வயிற்றைச் சுற்றிக்கொண்டு போகிறது. தோல்பையின் வார் வயிற்றுக்குக் குறுக்கே இறங்குகிறது. பாக்கெட்டில் இருபதைப் போட்டுக்கொண்டு மேடேறினால், எட்டு வைக்கும்போதெல்லாம் அடிவயிற்றில் வந்து இடிக்கிறது.

ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் லொரைன் ஐவ்ஸனுக்கும் இது தெரியாது. மார்ச் மாதம் மருத்துவமனையில் அவளுடைய குடலில் ஒரு சாண் நீளத்தை வெட்டி எடுத்தார்கள். மிச்சத்தின் நுனியைத் தொப்புளுக்கு இடப்பக்கமாக வெளியே கொண்டுவந்து வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். மலம் இனி அந்தப் பைக்குத்தான் வரும், ஆயுசுக்கும்.

“புத்துநோய் போச்சு, பை வந்துச்சு. பரவால்ல, நல்ல பேரந்தான்,” என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். கேட்டவர்கள்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தார்கள்.

ஏப்ரலில் ஒருநாள் இருபத்தைந்து தோட்டா செருகிய பழைய பெல்ட்டை எடுத்துக் கட்டிப் பார்த்தாள். அது போய்ச் சரியாக அந்த இடத்தில்தான் உட்கார்ந்தது. கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தை சொன்னாள்.

லொரைனுக்கு லாரித் தார்ப்பாய் தைக்கிற தொழில். வட இங்கிலாந்தின் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் எந்த லாரியின் பாய் கிழிந்தாலும் அவளுடைய கொட்டகைக்குத்தான் வரும். ஆறு மடிப்பை ஒரே மூச்சில் குத்தித் தைக்கிற இயந்திரம் இருக்கிறது, கைப்பழக்கம் இருக்கிறது. அப்புறம் என்ன? தனக்கு வேண்டியதைத் தானே தைத்துக்கொண்டாள்.

முதலில் தைத்தது மார்பில் வரிசையாகத் தோட்டா செருகுகிற ஒரு கையில்லாச் சட்டை. புதன்கிழமைகளில், வானத்தில் வீசுகிற களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டுப் பழகுகிற மைதானத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போனாள். துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றும்போது அதன் அடிக்கட்டை சட்டையில் சிக்கியது. ஆரஞ்சுத் தட்டுகள் ஒவ்வொன்றாக முழுசாகப் பறந்து போய் வயலில் விழுந்தன. இரண்டாவது, தொடையில் தொங்குகிற ஜோடிப் பைகள். நின்று சுட அருமையாக இருந்தது, நடந்தால் முழங்காலில் மொத்தியது. மூன்றாவதை முதுகில் வைத்தாள். தோட்டா எடுக்க இன்னொருத்தர் கை வேண்டியிருந்ததால் அதை அன்றைக்கே பிரித்துப் போட்டாள்.

“அடுத்து என்ன, தலையில கூடையா?” என்று மைதானத்தில் கேட்டார்கள். “உன் தலையில வெச்சுத்தான் பார்க்கணும், அங்கதான் காலி இடம் இருக்கு,” என்றாள்.

நான்காவதாகத் தைத்த சட்டை சரியாக வந்தது. லாரியில் சரக்குக் கட்டுகிற அகல நாடாவால் தோள்வார். ஐம்பது தோட்டா இரண்டு கிலோ கனம். அவ்வளவும் தோளிலேயே நின்றது. அக்குளுக்குக் கீழே, விலா எலும்பின்மேல், பக்கத்துக்கு ஒன்றாக வாய் திறந்த இரண்டு பைகள். பித்தளை முனை மேலே பார்க்கும்படி அடுக்கி வைத்தால், வலக்கை பார்க்காமலே போய் இரண்டை எடுத்து வரும். முதுகுப்பக்கம் தட்டையாக ஒரு உறை, மாற்றுப் பையும் துடைக்கிற துணியும் வைக்க. வயிற்றை எதுவும் தொடவில்லை. தட்டு சுடும் போட்டியில் அன்றைக்கு ஐம்பதுக்கு நாற்பத்தொன்று அடித்தாள். வீட்டுக்கு வருகிற வழியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கொஞ்சம் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

ஆனால் தட்டு சுடுவது ஒன்று, மலையேறிப் பறவை சுடுவது வேறு.

நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை ஹாகர் கில் பண்ணையின் வைக்கோல் கொட்டகையில் வேட்டைக் கூட்டு கூடியது. எட்டுத் துப்பாக்கி, புதரைத் தட்டிப் பறவைகளைக் கிளப்பிக் காடு கலைக்கிறவர்கள் பதினான்கு பேர், நாய்கள், காட்டு நாவல் ஊறிய ஜின் ஒரு குடுவை. கூட்டுக்குத் தலைவர் ரோலண்ட் பெக்வித். ஆட்டுச்சந்தையில் நாற்பது வருஷம் ஏலம் விட்ட குரல், இளகின மனசு. அந்த இளகின மனசுதான் அன்றைக்கு வினையாக வந்தது.

வழக்கம் என்னவென்றால், காலையில் ஒரு தோல் உறைக்குள்ளிருந்து எண் போட்ட எலும்புக் குச்சியை ஆளுக்கொன்று உருவ வேண்டும். அந்த எண்தான் முதல் கலைப்பில் நிற்கிற இடம். ஒவ்வொரு கலைப்புக்கும் எண்ணில் இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒன்று முதல் ஏழு வரை கீழே பள்ளத்தில் நின்றபடி, தலைக்கு மேல் வருகிற ஃபெசன்ட் கோழிகளைச் சுடலாம். எட்டாம் எண்காரருக்கு அந்த வசதி இல்லை. கலைக்கிறவர்களோடு வரிசையில் மலைச்சரிவைக் கடந்து, பக்கவாட்டில் தப்புகிற பறவைகளை அடிக்க வேண்டும்.

ரோலண்ட் உறையை எல்லோரிடமும் நீட்டினார். லொரைனிடம் வந்ததும் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“உனக்கு வேண்டாம் கண்ணு. உன்னை நாள் பூரா வண்டிப் பக்கத்துல போட்டிருக்கேன். நாற்காலி இருக்கு. தோட்டாவை வண்டியிலேயே வெச்சுக்கலாம், சுமக்கவே வேணாம்.”

“அங்க பறவை வருமா?”

“எப்பவாவது ஒண்ணு வரும்.”

“பதினோரு வருஷமா நானும் உங்களோட தீனி மூட்டை தூக்கி இந்தக் குஞ்சுகளை வளர்த்தவ. குச்சியைக் குடு.”

“சொன்னாக் கேளு லொரைன். எட்டாம் நம்பர் வந்தா என்ன பண்ணுவ? நடுமலையில உனக்கு ஏதாவது ஆச்சுன்னா வரிசையே நிக்கணும். மத்தவங்க நாளும் கெடும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பசங்க ஏற்கெனவே பேசிக்கிறாங்க. இன்னிக்கு ஒரு சங்கடம்னா, அடுத்த சீசனுக்கு உன் இடத்தைப் பத்தி யோசிக்க வேண்டி வரும். எனக்கே பிடிக்கல. ஆனா கேப்பாங்க.”

ஆக, விஷயம் அதுதான். இரக்கத்துக்குக் கீழே கத்தியும் இருந்தது. லொரைன் கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். கடைசியில் ரோலண்ட் உறையை நீட்ட வேண்டியதாயிற்று.

ஆறு வந்தது. கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள். முதல் கலைப்பில் ஆறு, இரண்டாம் கலைப்பில் எட்டு.

“நான் வேணா மாத்திக்கறேன்,” என்று துப்பாக்கிக்காரர்களில் ஒருவரான கிளிஃபர்ட் ஆரம்பித்தார்.

“உன் நம்பரை நீயே வெச்சுக்கோ,” என்றாள் லொரைன்.

முதல் கலைப்பில் இரண்டு கோழி அடித்தாள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. இரண்டாவதற்கு, துப்பாக்கியை மடக்கிக் கையில் போட்டுக்கொண்டு, வரிசையின் இடது கோடியில் போய் நின்றாள். அவளுக்கு அடுத்து ஸ்டான் ரேவன், வேலி கட்டுகிறவர், கையில் தடியும் வாக்கி டாக்கியுமாக. பள்ளத்திலிருந்து ரோலண்ட் விசில் ஊத, வரிசை நகர்ந்தது. நனைந்த செந்நிறப் பெரணிச் செடிகள் இடுப்பளவு நின்றன. சட்டை தோளை விட்டு அசையவில்லை. தோட்டாக்கள் விலாவோடு ஒட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கூட வந்தன. பாதி மலை ஏறியபோது, வயிற்றில் ஒன்று இருப்பதையே மறந்துவிட்டிருந்தாள்.

அப்போதுதான் கல்சுவர் குறுக்கிட்டது. துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியை ஸ்டானிடம் கொடுத்து, சுவரில் குப்புறப் படுத்தபடி ஏறி இறங்கினாள். எல்லோரும் அப்படித்தான் ஏறுவார்கள். அவளும் முப்பது வருஷமாக அப்படித்தான் ஏறியிருக்கிறாள். உடம்பு பழசை மறக்கவில்லை, புதுசைத்தான் மறந்துவிட்டது. சுவரின் மேல்கல் பையின் ஓரத்தைப் பிய்த்துவிட்டது. பத்தடி போவதற்குள் இடுப்பில் வெதுவெதுப்பாக இறங்குவது தெரிந்தது.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். சட்டையின் மேல் குற்றமில்லை. ஏழு மாதம் தைத்துத் தைத்துப் பிரித்த சட்டை சொன்ன சொல் தவறவில்லை. ஒரு பாழாய்ப்போன கல், அவ்வளவுதான்.

சத்தமில்லாமல் பின்தங்கிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. துப்பாக்கியோடு ஒருத்தர் பின்தங்கினால், அவருக்கு முன்னால் யார் நடக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அப்படித்தான் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒருத்தர் கண்ணை இழந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கலாம். மேலே இன்னும் அரை மணி நேரம் இருந்தது, கீழே கால்சட்டைக்குள் நிலைமை அதுவரை காத்திருக்காது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. யார் குரல் கொடுத்தாலும் எல்லோரும் நிற்க வேண்டிய அந்தச் சொல்.

கிளிஃபர்டின் பூட்ஸ் கயிற்றுக்கு வரிசை நின்றிருக்கிறது. நாய்க்கு முள் தைத்ததற்கு நின்றிருக்கிறது. போன வருஷம் ரோலண்ட் தன் பல்செட்டைப் பெரணிக்குள் தும்மிவிட்டுக் கால் மணி நேரம் தேடியபோது பதினான்கு பேரும் நின்றார்கள், குனிந்து தேடவும் தேடினார்கள். அப்போது யாரும் அடுத்த சீசனைப் பற்றி யோசிக்கவில்லை.

“வரிசை நில்லு!” என்று லொரைன் கத்தினாள்.

சொல் ஆள் மாறி ஆள் மாறி மலை முழுக்கப் போனது. தடிகள் நின்றன. வாக்கி டாக்கி கரகரத்தது.

“யாரு நிறுத்துனது? என்னாச்சு?” ரோலண்டின் குரல்.

ஸ்டான் அவளைப் பார்த்தார். அவளுடைய முகத்தைப் பார்த்தார், கை அழுத்திக்கொண்டிருந்த இடத்தையும் பார்த்தார். “நாய்க்கு முள் குத்திருச்சுன்னு சொல்லிடறேன்,” என்றார் மெதுவாக. நல்ல மனுஷன்தான்.

“நாய் மேல ஏன் பழி போடற? குடு இங்க.” வாங்கி வாயருகே வைத்தாள். “ரோலண்ட், லொரைன் பேசறேன். வயித்துல இருக்கற பை பிஞ்சு ஒழுகுது. சுவரோரமா ஒதுங்கி மாத்தப் போறேன். பத்து நிமிஷம் ஆகும்.”

அந்த அலைவரிசையில் கொட்டகைச் சமையல்காரி உட்பட எல்லோரும் இருந்தார்கள்.

“ஐயோ, லொரைன். நீ இறங்கி வந்துடும்மா. வண்டி அனுப்பறேன். நாங்க பார்த்துக்கறோம்.”

“இறங்க மாட்டேன். நான் எட்டாம் நம்பர். மேல போய்த்தான் இறங்குவேன்.”

“இங்க எல்லாரும் மழையில நிக்கறாங்க...”

“நிக்கட்டும். உன் பல்லுக்கு நான் நின்னேன். மண்டி போட்டுத் தேடவும் செஞ்சேன். இப்ப என் பைக்கு நீ நில்லு.”

வாக்கி டாக்கியை ஸ்டானிடம் திருப்பிக் கொடுத்தாள். துப்பாக்கியையும் அவரே வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார், சுவரைக் காவல் காக்கிறவர் மாதிரி. லொரைன் சுவரோரமாக ஒதுங்கிக் கால்சட்டையை இறக்கினாள். மழை தொடையில் குளிராக அடித்தது. கை விறைத்துப்போய், ஒட்டும் தாளை உரிக்க மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. தோலைத் துடைத்து, மேலே கோட்டைக் கூடாரமாகப் பிடித்துக் காயவிட்டாள். ஈரத்தில் ஒட்டினால் ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் இதே கூத்துதான். அதனால் அவசரப்படவில்லை. அவமானம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. இருபத்தொரு பேர் தனக்காக மழையில் நிற்கிறார்கள் என்ற எண்ணம் அவளுக்குத் தெம்பாகக்கூட இருந்தது.

பதினோரு நிமிஷம் ஆனது. துப்பாக்கியை வாங்கி, விலாவிலிருந்து இரண்டு தோட்டாவை எடுத்துப் போட்டாள். “போகலாம்,” என்றாள். வரிசை நகர்ந்தது.

உச்சிக்கு நூறடி இருக்கும்போது, அவளுடைய காலடியிலிருந்தே ஒரு கிழட்டுச் சேவல் கிளம்பியது. செம்பு நிறம், முழ நீள வால், அவசரமில்லாமல் இடப்பக்கம் திரும்பிப் பள்ளத்தின் மேல் மிதந்து போனது. கீழே நின்ற ஏழு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். குழந்தைகூடக் கல் எறிந்து வீழ்த்திவிடும். லொரைன் இரட்டைக் குழல் துப்பாக்கியின் ஒரு குழலால் சுட்டாள். இரண்டாவதாலும் சுட்டாள். சேவல் ஒரு இறகைக்கூட உதிர்க்காமல் பக்கத்துப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது.

கீழே வண்டிகளுக்குப் பக்கத்தில் பன்றிக்கறி அடைத்த ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வந்து சேர்ந்தாள். கிளிஃபர்ட் தன் பூட்ஸைப் பார்த்தார். ரோலண்டின் தொப்பியிலிருந்து தண்ணீர் வடிந்து மூக்கு நுனியில் நின்றது. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஏதாவது ஆறுதல் சொல்லிவிடப் போகிறாரே என்று லொரைனுக்குப் பயமாக இருந்தது.

“பதினோரு நிமிஷம் நனைஞ்சோம்,” என்றார் ரோலண்ட். “ஜட்டி வரைக்கும் தண்ணி போற மழை. அதுக்கப்புறம், ஒரு மாட்டுக்கொட்டாய் சைஸ்ல பறக்கற கோழியை ரெண்டு குழல்லயும் விட்டுட்டியே. அதையாவது அடிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதா?”

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். எட்டு மாதமாக அவளிடம் யாரும் இப்படிப் பேசியிருக்கவில்லை. எல்லோரும் தலையைச் சாய்த்து, “எப்படி இருக்க?” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லொரைனுக்கு அது பிடித்திருந்தது. அதைக் காட்டுவதற்கு அவள் என்ன பைத்தியமா?

“அடுத்த சனிக்கிழமையும் குச்சி எடுப்பேன். தேவைப்பட்டா மறுபடியும் நிக்க வெப்பேன்,” என்றாள். “மறுபடியும் கோழியைத் தப்பவும் விடுவேன். நீங்க எல்லாரும் விடற மாதிரி. என்ன இப்போ?”

“ஒண்ணுமில்ல,” என்றார் ரோலண்ட். “நிக்கறோம். வேற வழி?”