ஷெஃபாலி சந்தில் இருட்டும் நேரம்

ஜாதவ்பூர் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் உள்ள ஷெஃபாலி சந்தில், தெருவில் விளையாடும் கடைசிக் குழந்தையை வீட்டார் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே சேர்க்கும்வரை பொழுது சாயாது. பக்கத்துப் பெரிய சாலையில் விளக்கெல்லாம் எரிந்து, பஸ்கள் வெளிச்சம் போட்டுக்கொண்டு போகும்; சந்துக்குள் மட்டும் சாயங்கால வெயில் மஞ்சளாக நிற்கும். மாடிக்கு மாடி ஒரு தாய் எட்டிப் பார்த்துக் கூப்பிடுவாள், ஒவ்வொரு பிள்ளையாக முனகிக்கொண்டே படியேறும், கடைசிப் பிள்ளையின் பின்னால் கதவு சாத்தியதும் இருட்டிவிடும், வீட்டுக்கு வீடு விளக்கேற்றிச் சங்கு ஊதுவார்கள். பரீட்சைக் காலத்தில் ஒரு பிள்ளையும் வெளியே வராது என்பதால் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு இருட்டும். துணி காயவில்லை என்று பெண்கள் பள்ளிக்கூடத்தைத் திட்டுவார்கள். மற்றபடி அங்கே இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கிறதே, அதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

நாகலக்ஷ்மிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. அவள் கணவன் குருமூர்த்தி பாங்க் ஆபீசர். நாக்பூர், சூரத், புவனேஸ்வர் என்று மாற்றல் வாங்கி வாங்கி, இப்போது கொல்கத்தா. பத்து வயது மகள் மஹிமா சூரத்தை விட்டுக் கிளம்பும்போது சிநேகிதியின் கையை விடமாட்டேன் என்று பிளாட்பாரத்தில் கதறினாள். புவனேஸ்வரில் கதறவில்லை, ஏனென்றால் அங்கே அவள் யாரையும் சிநேகிதம் பிடிக்கவேயில்லை. ஏண்டி என்று கேட்டதற்கு, "எப்படியும் போகத்தானே போறோம்" என்றாள், ஏதோ மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போல. கொல்கத்தா என்றதும், "இந்தத் தடவை எந்தப் பேட்டைன்னு நான்தான் பார்ப்பேன்" என்று நாகலக்ஷ்மி சொல்லிவிட்டாள்.

குருமூர்த்திக்கு லேக் மார்க்கெட் பக்கம்தான் மனசு. "நம்மவா இருப்பா, நாகு. வாழை இலை கிடைக்கும், காப்பிப் பொடி கிடைக்கும், சாயங்காலம் ஆனா கச்சேரி" என்றான். அவள் போய்ப் பார்த்தாள். எல்லாம் இருந்தது; பிள்ளைகள்தான் டியூஷனிலிருந்து வயலினுக்கும் வயலினிலிருந்து இன்னொரு டியூஷனுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நியூ டவுனில் தரகர் நீச்சல் குளத்தைக் காட்டினார். குளம் இருந்தது, நனைந்த குழந்தை ஒன்றுகூட இல்லை. சாந்த்ராகாச்சியில் வாடகை குறைவு, ஏரி நிறையப் பறவை வேறு. ஆனால் பறவையோடு மஹிமா கண்ணாமூச்சி ஆட முடியுமா? கடைசியில், அலுத்துப்போன தரகர் குறுக்கு வழியாகக் கூட்டிப்போனபோதுதான் ஷெஃபாலி சந்து. வெளியே இருட்டியிருந்தது, உள்ளே வெயில் அடித்தது, ஒரு பட்டாளம் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வாடகை என்ன என்றுகூடக் கேட்கவில்லை. மீன் வாசனை மாடி வரைக்கும் வருகிறதே என்று குருமூர்த்தி மூக்கைப் பிடித்தான். "ஊதுவத்தி ஏத்தினாப் போச்சு" என்றாள்.

ஏத்தினாள், மாதக் கணக்கில் ஏத்தினாள். ஆனால் மஹிமா விளையாடப் படியிறங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தன் துணிப் பெட்டியை அவள் அலமாரிக்கு மாற்றவேயில்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டு மறுபடி பூட்டிவிடுவாள். ஊரெல்லாம் அலைந்து கண்டுபிடித்தும் ஏமாந்தோமே என்று நாகலக்ஷ்மி சமையலறையில் அழுத நாட்கள் உண்டு.

துர்கா பூஜை வந்தது. அஷ்டமியன்று சந்தின் பந்தலில் எல்லோருக்கும் இலைத்தட்டில் பிரசாதக் கிச்சடி போட்டார்கள். கீழ்வீட்டு அம்மாளை சந்தே மாஷிமா என்று கூப்பிடும், அதாவது பெரியம்மா, சித்தி மாதிரி. அவள் மஹிமாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார்த்தி, இரண்டு தரம் பரிமாறினாள். மஹிமா சாப்பிட்டுவிட்டு மாடி ஏறினாள்.

வினை அங்கேதான். பூஜை முடிந்து பிள்ளைகள் பழையபடி விளையாட வந்த முதல் நாள், எல்லாத் தாய்மார்களும் கூப்பிட்டார்கள், எல்லாப் பிள்ளைகளும் உள்ளே போனார்கள், இருட்டவில்லை. யார் பாக்கி, யார் பாக்கி என்று வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தார்கள். ஒருவரும் பாக்கியில்லை. வெயில் அசையாமல் நின்றது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே. ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தூங்கப் பார்த்தார்கள். காகங்கள் கரைந்து கரைந்து தொண்டை கட்டிப்போயின. ராத்திரியில் மட்டுமே மலரும் ஷெஃபாலிப் பூ, நம் பவளமல்லி, மொட்டாகவே நின்றது. விளக்கேற்ற வேளை வராமல் பெண்கள் சங்கைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடினார்கள்.

மாஷிமாதான் மேலே வந்தாள். கொல்கத்தா வந்த பிறகு நாகலக்ஷ்மி கற்றுக்கொண்ட அரைகுறை வங்க மொழிக்குப் புரியும்படி, மருமகளை அழைக்கிற மாதிரி அழைத்து, நிதானமாகச் சொன்னாள்: "பௌமா, உன் பெண் எங்கள் பந்தலில் சாப்பிட்டுவிட்டாள். இனி அவள் இந்தச் சந்தின் பிள்ளை. சந்து அவளையும் எண்ணுகிறது. அவள்தான் இன்னும் உள்ளே வரவில்லை."

"அவள் உள்ளேதானே இருக்கிறாள் மாஷிமா! விளையாட வெளியே போனதே இல்லையே!"

"வெளியே போகாதவளை எப்படி உள்ளே கூப்பிடுவாய்?" என்று கேட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மாஷிமா இறங்கிப் போனாள்.

ஒருவராவது திட்டியிருக்கலாம். கண்ணெல்லாம் சிவந்து போன ஜனங்கள் படிக்கட்டில் பார்த்தால் சிரித்தார்கள், அதுதான் தாங்கவில்லை. "லேக் மார்க்கெட்டுக்கே போயிடலாம். அங்கே யாரும் நம்ம குழந்தையை எண்ண மாட்டா" என்றான் குருமூர்த்தி. நாகலக்ஷ்மி மகளிடம் கெஞ்சினாள். ஒரே ஒரு தரம் கீழே போயிட்டு வாடி என்றாள்.

"போய்ப் பழகிட்டு, அப்புறம் விட்டுட்டு வரணும். நீ மாற்றல் வராதுன்னு சொல்லு, போறேன்."

அதை எப்படிச் சொல்வாள்? பெற்ற பெண்ணிடம் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே படியிறங்கினாள்.

கீழே பெண் பிள்ளைகள் தரையில் கட்டம் போட்டு எக்கா-தொக்கா ஆடிக்கொண்டிருந்தார்கள். பார்க்க நம் பாண்டி மாதிரியே இருந்தது. "நானும் வரட்டுமா?" என்றாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஓட்டாஞ்சில்லை நீட்டினார்கள். நாகலக்ஷ்மி எறிந்தாள், நொண்டினாள், இரட்டைக் கட்டத்தில் இரண்டு காலையும் ஊன்றி மூச்சு வாங்கினாள். அவள் சின்ன வயசில் ஆடிய மன்னார்குடியில் அப்படித்தான் வழக்கம். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். என்ன தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. மறுபடி எறிந்தாள், மறுபடி ஊன்றினாள், மறுபடி கூச்சல். "நீங்க போட்ட கட்டமே சரியில்லை" என்று தமிழில் சண்டைக்கு நின்றாள். மாடியிலிருந்து குருமூர்த்தி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தான்.

"ஐயோ, அம்மா!" என்று ஜன்னலிலிருந்து ஒரு கத்தல். "அங்கே கால் ஊனக் கூடாது! சில்லு அடுத்த கட்டத்துல விழுந்தா அவுட்டு! உனக்கு ஒண்ணுமே தெரியலை!" படிக்கட்டு தடதடவென்றது. மஹிமா செருப்புகூடப் போடாமல் வந்து, தாயின் கையிலிருந்து சில்லைப் பிடுங்கினாள். மாதக் கணக்காக ஜன்னலில் நின்று பார்த்தவளுக்கு ஆட்டத்தில் தெரியாதது ஒன்றில்லை. ஒற்றைக் காலில் கடைசிக் கட்டம்வரை போய்த் திரும்பினாள். ஒரு பெண் அவள் பெயரைக் கேட்டாள், இன்னொருத்தி அவளைத் தன் கட்சிக்கு இழுத்தாள், தான் முந்தி என்று சண்டை பிடித்துக்கொண்டார்கள். நாகலக்ஷ்மி சத்தமில்லாமல் நழுவி மாடி ஏறினாள்.

மேலே நின்று பார்த்தாள். மஹிமா கத்தினாள், ஏமாற்றினாள், பிடிபட்டாள், விழுந்து விழுந்து சிரித்தாள். எதிர் மாடி, பக்கத்து மாடி, கீழ்வீட்டு வாசல், எங்கும் தூக்கமில்லாத தாய்மார்கள் வந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தியும் தன் பிள்ளையைக் கூப்பிடவில்லை. முதல் குரல் இவளுடையதாக இருக்கட்டும் என்று நின்றார்கள்.

"கூப்பிடேன் நாகு, எல்லாரும் காத்துண்டு நிக்கறா" என்றான் குருமூர்த்தி.

"கூப்பிடறேன், கூப்பிடறேன்" என்றாள், ஆனால் கூப்பிடவில்லை. சூரத்தை விட்டதிலிருந்து கேட்காத சிரிப்பை எந்தத் தாய் தன் வாயால் நிறுத்துவாள்? தெருவெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டு பொறுத்திருந்தது. கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழுத் தொண்டையில், "மஹிமா!" என்று கூப்பிட்டாள்.

மஹிமா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. சில்லை எறிந்துகொண்டே, அந்தச் சந்தின் எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற மாதிரி, வங்க மொழியில், "ஆர் ஏக்டு, மா!" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம், அம்மா.

மாடிகளில் தாய்மார்கள் சிரித்தார்கள். அவரவர் உள்ளே போய் அடுப்பு வேலையைப் பார்த்தார்கள். நாகலக்ஷ்மியும் ரசத்துக்குப் புளி கரைக்கப் போனாள். வெளியே வெயில் அப்படியே நின்றது.