ஓர்லா ஆட வந்த மேட்ச்

தைப்பொங்கல் கழிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் தேயிலைத் தோட்டத்தில் கால்பந்து சீசன் தொடங்கும். அன்றைக்கு மேல்பிரிவும் கீழ்ப்பிரிவும் மோதுகிற ஆட்டத்துக்குத் தர்ம மேட்ச் என்று பெயர். சேருகிற வசூல் அந்த வருஷம் நொடிந்துபோன ஏதாவதொரு குடும்பத்துக்குப் போகும். அந்த மேட்சுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்க அயர்லாந்திலிருந்து வருகிற தொண்டர்களில் இரண்டு பேர், பக்கத்துக்கு ஒருவராக, மைதானத்தில் இறங்கி ஆடுவார்கள். அவர்கள் வழுக்கி விழுவதைப் பார்ப்பதற்கென்றே ஹட்டன் டவுனிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

மைக் முத்துலிங்கத்திடம் இருக்கும். ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற மெஷினில் அவருக்கு வேலை. அந்த மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே வளர்ந்த குரல் என்று சொல்வார்கள். வெள்ளைக்கார ஆட்டக்காரர் பந்தைத் தொட்டதும், "யாரிவரு? இங்கிலாந்தா?" என்று மைக்கில் கேட்பார். கூட்டம் முழுக்க எழும்பி, "இல்ல, அயர்லாந்து!" என்று கத்தும். அந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தவள், முன்பு தொண்டராக வந்திருந்த ஓர்லா. யாரோ அவளை இங்கிலாந்துக்காரி என்று சொல்லப்போக, "எங்களுக்கும் அவங்கதான் தொர" என்று கோபமாகத் திருத்தினாள். அதைக் கேட்டு ராசம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ராசம்மா முத்துலிங்கத்தின் மனைவி. ஓர்லா பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு வருஷமும் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. தமிழ் படித்ததும் ராசம்மாவிடம்தான்.

போன கார்த்திகை மழையில் கீழ்ப்பிரிவுக்கு மேலே இருந்த மலை சரிந்து, வரிசை வீடுகள் கொண்ட ஒரு லயத்தையே மூடிவிட்டது. ஆறு பேர் போனார்கள். அதில் ராசம்மாவும் ஒருத்தி. அந்த நேரம் முத்துலிங்கம் ஸ்டோரில் இருந்தார்.

அன்றிலிருந்து அவர் அழவில்லை. அழட்டும், அழுதால்தான் ஆறும் என்று சொந்தக்காரர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலப்பனையில் கட்டிக்கொடுத்த மகள் தனுஷிகா வந்து, கட்டிப்பிடித்து, உலுக்கிக்கூடப் பார்த்தாள். அவர் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். காரியம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போய்விட்டார். வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் ஒரு மூலையைத் தடுத்து அவருக்குக் கொடுத்திருந்தார்கள். யாராவது சோறு கொண்டுவந்தால் சாப்பிட்டார். கொண்டுவராவிட்டால் சாப்பிடவில்லை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த வருஷத் தர்ம மேட்ச் மண்சரிவில் வீடிழந்தவர்களுக்கென்று முடிவானபோது, மைக்குக்கு வேறு ஆள் பார்ப்போம் என்றார்கள். "நானே சொல்றேன்" என்றார் அவர். ஏன் என்று அவருக்கே தெரியாது. வீட்டில் உட்கார வீடில்லை, அவ்வளவுதான்.

ஆட்டத்துக்குச் சற்று முன்னால் ஓர்லா வந்து சேர்ந்தாள். இம்முறை படிப்பிக்க வரவில்லை. இந்த மேட்சில் ஆடிவிட்டுப் போகவென்றே லீவு எடுத்து வந்திருந்தாள். கொழும்பிலிருந்து வந்த பஸ் கினிகத்தேனையில் நின்றுபோய், வேறு பஸ் ஏறிவந்த களைப்பு முகத்தில் இருந்தது. ஜெர்சியைத் தலைவழியாகப் போட்டபடியே மைக் மேசைக்கு ஓடிவந்தாள்.

"அண்ணே! எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்மா."

"அக்கா எங்க? எனக்கு ரொட்டி வேணும். ரொம்ப பசி."

"அக்கா இல்லம்மா" என்றார் முத்துலிங்கம்.

மைதானத்தில் இல்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். "சரி, மேட்ச் முடிஞ்சி வீட்டுக்கு வாறேன்" என்று சொல்லிவிட்டு மேல்பிரிவு ஆட்களோடு போய் நின்றாள். அவர் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

முதல் பாதி வழக்கம்போல நடந்தது. கீழ்ப்பிரிவுக்கு ஆடிய டெக்லன் என்ற நெட்டைப் பையன் சேற்றில் இரண்டுதரம் விழுந்தான். முத்துலிங்கத்தின் வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போனது. ஓர்லா பந்தோடு ஓடியபோது, "இங்கிலாந்தா?" என்று கேட்டார். கூட்டம் கத்தியது. மெஷின் ஓடுகிறபோது கை தானாகக் கொழுந்தைத் தள்ளுமே, அப்படித்தான் இருந்தது.

இடைவேளையில் ஜெயதீபன் மாஸ்டர் மேசைக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், பந்து கிளப்பையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

"இப்ப ஆறு பேற்ற பேரையும் சொல்லி மௌன அஞ்சலி செய்யவேணும். நான் சொல்லுறன், நீங்கள் கொஞ்சம் அங்கால போய் இருங்கோ."

"வேணாங்க மாஸ்டர். நானே சொல்றேன்." பிறகு, "ஓர்லாவுக்கு யாராச்சும் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

மாஸ்டரின் முகம் மாறியது. "நீங்கள் சொல்லியிருப்பியள் எண்டெல்லோ நினைச்சன்."

அதற்குள் ஆட்டக்காரர்கள் நடுவட்டத்தைச் சுற்றி நின்றுவிட்டார்கள். கூட்டமும் எழுந்துவிட்டது. முத்துலிங்கம் மைக்கை எடுத்தார். வீரம்மா என்றார். சிவசாமி என்றார். சிவசாமியின் இரண்டு பேரப்பிள்ளைகள், அடுத்த காம்பரா வீட்டு வேலாயி. எல்லாம் சொல்லி முடித்து, "ராசம்மா முத்துலிங்கம்" என்றார். குரல் அசையவில்லை. பந்தடித்தவன் பெயரைச் சொல்கிற அதே குரல்.

நடுவட்டத்தில் ஓர்லா தலையைத் தூக்கி மேசைப் பக்கம் பார்த்தாள். பக்கத்தில் நின்றவனிடம் ஏதோ கேட்டாள். அவன் தலையாட்டினான். அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்த மௌனத்தில் மைதானம் முழுவதற்கும் அது கேட்டது.

முத்துலிங்கத்துக்குக் கோபம் வந்தது. என் பெண்டாட்டிக்கு நீ ஏன் இப்படி அழுகிறாய், ஒரு வருஷம் சோறு தின்றவள்தானே நீ என்று உள்ளே ஏதோ சுர்ரென்று ஏறியது. கார்த்திகைக்குப் பிறகு அவருக்குள் எதுவோ அசைந்தது அதுதான் முதல்முறை. அது வந்த வேகத்திலேயே போய்விட்டது. "ஆட்டம் தொடங்கப் போகுது" என்றார்.

ஓர்லா வெளியே வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை ஆடினாள். பந்து அவள் காலடியில் வந்தும் பல தடவை அவள் பார்க்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

மேட்ச் முடிந்து அவள் வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். "ஏன் சொல்லல அண்ணே?"

"சொல்ல வரலம்மா."

"என்ன நடந்திச்சி?"

இதுவரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. எல்லோருக்கும்தான் தெரியுமே. அவர் ஸ்பீக்கர் வயரைச் சுருட்டிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார்.

"வெள்ளனயே மழை. வேலைக்குப் போக வேணாம்னு சொன்னா. நாந்தான் போனேன். பத்து மணி போல ஃபோன் எடுத்தா, பின்னால செவுத்துல தண்ணி ஊத்தெடுக்குது, சாமானத் தூக்கி வைக்கிறேன்னா. சாமான விட்டுட்டு கோயிலுக்குப் போன்னேன். சரின்னா. போயிருப்பான்னு நெனச்சேன். சத்தம் ஸ்டோரு வரைக்கும் கேட்டிச்சி. மெஷின் சத்தம்னு நெனச்சேன்மா. அந்தச் சத்தம் நின்ன பொறகுதான் மெஷின் அதுக்கு முன்னமே நின்னுபோச்சின்னு தெரிஞ்சிச்சி. கரண்டு இல்ல."

ஓர்லாவுக்கு எவ்வளவு புரிந்ததோ.

"அங்க போகலாமா?" என்றாள் முடிவில்.

எடுத்துப் புதைத்த நாளுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போயிருக்கவில்லை. இருவரும் ரோட்டு வழியே இறங்கி நடந்தார்கள். லயம் இருந்த இடத்தில் சிவந்த மண்ணும், வேரோடு புரண்ட தேயிலைச் செடிகளும். அதற்குள் புல் முளைத்திருந்தது. "வீட்டு வாசல் எது?" என்று அவள் கேட்டபோது அவர் கையை நீட்டினார். பிறகு கொஞ்சம் தள்ளி நீட்டினார். பிறகு இறக்கிக்கொண்டார்.

"சரியாத் தெரியலம்மா" என்றார். "இருபத்தாறு வருஷம் போய்வந்த வாசல்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. அவருக்கு அது பரவாயில்லை என்றிருந்தது. அவள் கை குளிர்ந்துபோயிருந்தது. அது தெரிந்தது.

பஸ் வரும்வரை கடையில் இருவரும் ரொட்டி சாப்பிட்டார்கள். சம்பல் உறைப்பாக இருந்தது. அவர் இன்னொன்று கேட்டு வாங்கினார். ஓர்லா பஸ் ஏறிய பிறகு, கடைக்காரன் நிரஞ்சன் மேசையைத் துடைத்தபடி, "மேட்ச் யாருண்ணே ஜெயிச்சா? கடையப் பூட்டிட்டு வர முடியல" என்றான்.

முத்துலிங்கம் யோசித்தார். கோல் விழுந்த ஒவ்வொரு தடவையும் மைக்கில் கத்தியது அவர்தான். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை.

"தெரியலப்பா" என்றார். "மாஸ்டரத்தான் கேக்கணும்."