வாழை நூலின் நாற்பத்திரண்டு தாள்கள்

தெற்கே காவிரியும் வடக்கே கொள்ளிடமும் அணைத்துக் கிடக்க, இடையே தென்னந்தோப்பும் வாழைக்கொல்லையும் ஏழு மதில்களுமாய்ப் பரந்த திருவரங்கத் தீவிலே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் ஆண்டின் ஆவணித் திங்களில், திங்கட்கிழமை ஒன்றின் இளவெயில், புதுவெள்ளம் வடிந்து தெளிந்த ஆற்றுநீரின்மேல் சாய்ந்து விழுந்து, அக்கரையில் மலைக்கோட்டைக் குன்றின் கீழ்முகத்தைச் சிவப்பாக்கி, இக்கரையில் முடி எழாமலே நின்றுவிட்ட தெற்கு மொட்டைக் கோபுரத்தின் கற்களைத் தொட்டு, அம்மாமண்டபப் படித்துறையில் நீராடி மீள்வோரின் ஈரத் துணிகளில் மின்னி, முடிவில் படித்துறைச் சாலையோரம் ஓட்டுக்கூரையுடன் நின்ற சிறு பொதுநூலகமொன்றின் கீழைச் சாளரத்தின் வழியே உள்ளே நுழைந்தது. கற்றறிந்த அன்பரே, அந்தச் சாய்வெயிலைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்க. இக்கதையில் அதற்கும் ஒரு வேலை உண்டு.

அச்சாளரத்தின் அருகே ஓர் அடுக்கு இருந்தது. மற்றை அடுக்குகளெல்லாம் கண்ணால் படிக்கும் நூல்களால் நிறைந்திருக்க, இது ஒன்று மட்டும் விரலால் படிக்கும் நூல்களைத் தாங்கி நின்றமையால், அதனைத் தொடுநூல் அடுக்கு என்று அழைத்தனர். அதனைக் காத்தவள் முசிறியில் பிறந்து, நான்கு வயதில் அம்மையால் பார்வை இழந்து, புத்தூரில் தங்கிப் புள்ளியெழுத்துக் கற்று, இருபத்தொன்பது வயதில் இந்நூலகத்தில் ஓராண்டு வெள்ளோட்டமாக வேலைக்கு அமர்ந்த வள்ளிக்கண்ணு. பார்வையற்றவளுக்குக் கண்ணு என்று பெயரா என்று கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அவளுடைய வாயின் காரத்தைச் சுவைத்தபின் இரண்டாம் முறை சிரித்தவர் எவருமில்லை. தடித்த தாளைச் சட்டத்தில் செருகி, மரக்குமிழ் வைத்த ஊசியால் பின்புறத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியாகக் குத்தி, முன்புறத்தில் அப்புள்ளிகளை எழுந்து நிற்கச் செய்வது அவள் தொழில். நூலகர் பிச்சை பிற்பகல்தோறும் அச்சுநூலைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவள் குத்திக் குத்தி நூலாக்குவாள்.

முன்னெல்லாம் பார்வையற்றோர்க்கு இந்நூலகம் செய்த தொண்டு வேறு வகையினது. ஞாயிறுதோறும் யாரேனும் ஒருவர் வந்து, இறைவன் புகழைப் பாடும் நூல் ஒன்றை உரக்கப் படிக்க, பார்வையற்றோர் கைகட்டிக் கேட்டுச் செல்வர். தொட்டியத்தில் வாழை பயிரிட்டு, நாற்பத்தைந்தாம் வயதில் நோயால் கண்ணொளி இழந்த ஆண்டி என்பவர், மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு ஒரு ஞாயிறு அங்கு வந்து, ஒரு மணிநேரம் பணிவோடு கேட்டிருந்து, முடிந்தபின் எழுந்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க. வாழைக்கு வாடல் நோய் வந்தா என்ன பண்றதுன்னு இதுல எங்கயாவது போட்டிருக்குங்களா?" என்று கேட்டார். மற்றவர்கள் முகம் சுளித்தனர். வள்ளிக்கண்ணுவுக்கோ உள்ளம் குளிர்ந்தது. கண் போனவனுக்கு ஆறுதல் மட்டும்தான் வேண்டும் என்று ஊரே முடிவுகட்டியிருக்க, தோட்டத்துக் கவலையோடு ஒருவர் வந்து நின்றாரே என்று மகிழ்ந்து, மறுநாளே நூலகத்திலிருந்த வாழை வளர்ப்பு நூலைப் புள்ளியில் ஏற்றத் தொடங்கினாள். கிழமைக்கு ஒரு நாள் பேருந்தேறி வந்த ஆண்டிக்கு எழுத்தும் கற்பித்தாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்கள் அவருடையவை. ஓர் எழுத்தை மற்றோர் எழுத்திலிருந்து பிரித்தறியவே அவருக்கு எட்டுத் திங்கள் ஆயின.

நூல் இரு பகுதிகளாய் முடிந்தது. முதற்பகுதி ஆண்டியின் வீட்டில் இருந்தது. நாற்பத்திரண்டு தாள்கள் கொண்ட இரண்டாம் பகுதி, அவர் விரல் இன்னும் படாமல், நூலகத்திலேயே இருந்தது. இந்நிலையில் நூலக அவையின் தலைவரான அற்புதசாமி, முசிறியில் தோட்டமும் நிலமும் உடையவர், இடத்தை வீணாக்குவதை அறவே வெறுப்பவர், ஒரு நாள் வந்து அடுக்கைப் பார்த்து, "பெருமைக்கு ஒரு அலமாரி வேண்டாம்மா. படிக்கிற ஆள் வேணும். நீயே எழுதினது உனக்கு மனப்பாடமா இருக்கும். எழுதாத ஒருத்தர், படிக்காத பக்கத்தைப் படிச்சுக் காட்டட்டும். இல்லேன்னா இந்த எடத்துல செய்தித்தாள் பலகை போட்டுடலாம்" என்று சொல்லி, பதினைந்து நாள் தவணையும் கொடுத்தார். எழுதாதவரும், படிக்கத் தெரிந்தவருமாய் இருந்தவர் ஆண்டி ஒருவரே. குறித்த நாள் வரும் வியாழக்கிழமை. அடுக்கும் வள்ளிக்கண்ணுவின் வேலையும் அந்த ஒரு நாளின் கையில் இருந்தன.

நாம் முதலிற் கண்ட திங்கட்கிழமைக் காலையில் அவள் அடுக்கைத் தடவி, வாழை நூலின் இரண்டாம் பகுதியைக் காணாமல் திகைத்து, பின்கட்டில் நூல் கட்டும் ஹனீஃபாவின் அறைக்குச் சென்றாள். ஹனீஃபா முப்பது ஆண்டுகளாய் அழுத்துப்பொறியோடு வாழ்ந்தவர். கட்டி முடித்த நூலை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, அது பலகைபோல் படிந்து கிடப்பதைக் கண்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அவர் அந்நூலை அவளிடம் பெருமையோடு நீட்டினார். அவள் அட்டையைத் திறந்தாள், முதல் தாளின்மேல் விரலை வைத்தாள், அடுத்த தாளைத் திருப்பினாள், அதற்கடுத்ததையும் திருப்பினாள்.

"பாய், இதை என்ன பண்ணுனீங்க?"

"வழவழன்னு இருக்கா தங்கச்சி? புத்தகம் திறக்கிற வாய்ப்பக்கம் உப்பிக்கிட்டுக் கிடந்துச்சு. ஆத்தங்கரை காத்துல ஈரம் ஏறிடுச்சுன்னு நெனச்சேன். தலைவர் வர்றப்ப அப்படியா இருக்கறது? சனிக்கிழமையே ப்ரஸ்ஸுல வெச்சு நல்லா இறுக்கிட்டேன்."

"ஈரமில்லீங்க பாய்" என்றாள் அவள். "அதுதான் எழுத்து."

ஹனீஃபா நூலைத் திரும்ப வாங்கித் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். யாரும் கேளாமல், யாருக்கும் தெரியாமல், அன்பு ஒன்றினாலேயே தாம் செய்த செயல், நான்கு திங்கள் உழைப்பை இரண்டே நாளில் தேய்த்துவிட்டதென்பது அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. வள்ளிக்கண்ணுவுக்கு வந்த சினம் சிறிதன்று. ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா என்று வாய் வரை வந்ததை அவள் விழுங்கியதற்குக் காரணம், எதிரே மூச்சுவிடவும் அஞ்சி நின்ற அந்த மனிதரின் அமைதியே. அவளுடைய நுண்ணிய விரல்களுக்கு அந்த நசுங்கிய புள்ளிகள் முணுமுணுப்புப் போல இன்னும் கேட்டன; அவள் மட்டும் படிப்பதானால் தட்டுத் தடுமாறிப் படித்துவிடுவாள். ஆனால் ஆண்டியின் காய்த்த விரலுக்கு அத்தாள்கள் வெறுந்தாள்களே.

செய்தி கேட்டு ஓடிவந்த நூலகர் பிச்சை, "தலைவர்கிட்டச் சொல்லி நாளைத் தள்ளிப்போட்டுக்கலாம்மா" என்றார்.

"படிக்க ஆளில்ல, அதான் சாக்குச் சொல்றாங்கம்பாருங்க. வேண்டாங்க சார்" என்றாள் வள்ளிக்கண்ணு.

அப்பொழுது ஹனீஃபா ஒரு தாளைப் பிரித்தெடுத்து, பின்புறமாய்த் திருப்பி, சாளரத்தின் அருகே ஏந்தி, அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். நேரே பார்த்தபோது தாள் வெறுமையாய் இருந்தது. சாய்ந்து வந்த இளவெயில் அதன்மேல் படிந்தபோதோ, ஊசி முன்பு குத்திய ஒவ்வோர் இடத்திலும் கடுகளவு நிழல் ஒன்று தெரிந்தது. தாளின் நார் ஒருமுறை உடைந்த இடத்தை எந்தப் பொறியும் முற்றிலும் மறக்கச் செய்வதில்லை என்பதை அந்தத் தொழிலாளி அறிந்திருந்தார்.

"தங்கச்சி, குத்துன எடமெல்லாம் எனக்குத் தெரியுது. உங்க ஊசியைக் குடுங்க. என் ஊசி தாளைக் கிழிச்சிரும்."

பன்னிரண்டு ஆண்டுகளாய்த் தன் உள்ளங்கையைத் தவிர வேறு கை தீண்டாத அந்த மரக்குமிழ் ஊசியை வள்ளிக்கண்ணு ஒரு கணம் தயங்கியே கொடுத்தாள். மெத்தென்ற தோல்துண்டை விரித்து, அதன்மேல் தாளைக் கவிழ்த்து, நிழல் கண்ட இடந்தோறும் ஹனீஃபா மெல்ல அழுத்தினார். அழுத்திய தாளை அவள் வாங்கி விரலால் ஓட்டி, "நாலாவது வரி, ஏழாவது கட்டத்துல ஒண்ணு எழும்பல" என்று திருப்பித் தருவாள். அவர் முகம் சுளிக்காமல் மீண்டும் அழுத்துவார். முதல் தாளுக்கு ஒரு மணிநேரம் பிடித்தது. இரண்டு தாள்கள் ஊசி ஏறிக் கிழிந்தே போக, அவற்றை அவள் பிச்சை சொல்லச் சொல்லப் புதிதாய்க் குத்தினாள். வெயில் உச்சிக்கு ஏறினால் நிழல் மறையும். ஆகவே காலையில் கீழைச் சாளரத்தடியிலும், மாலையில் மேலைச் சாளரத்தடியிலும் பாயை மாற்றி மாற்றிப் போட்டு, வெயிலைத் துரத்திக்கொண்டு இருவரும் உழைத்தனர். செவ்வாயன்று ஹனீஃபாவின் கை பழகி, ஒரு தாள் கால் மணிக்குள் முடிந்தது. அவர் வீட்டிலிருந்து வந்த சோற்றை இருவரும் பகிர்ந்து உண்டனர். திங்களன்று விழுங்கிய சினம் எப்பொழுது கரைந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

புதன் மாலை நாற்பத்திரண்டு தாள்களும் எழுந்து நின்றன. ஆனால் அவற்றை மீண்டும் கட்ட வேண்டுமே. ஹனீஃபா தாள்களை அடுக்கிவைத்து நெடுநேரம் பார்த்திருந்தார். புள்ளிகள் உள்ள வாய்ப்பக்கம் தடித்தும், புள்ளிகள் இல்லாத முதுகுப்பக்கம் மெலிந்தும் இருப்பதே உப்பலுக்குக் காரணம் என்றும், அதனை அழுத்தித் தீர்ப்பது அறியாமை என்றும் அவருக்குத் தெளிந்தது. அதே தடித்த தாளை விரலகல நாடாக்களாய் நறுக்கி, ஒவ்வொரு தாளுக்கிடையிலும் முதுகுப்புறத்தில் ஒட்டி, முதுகையும் வாய்க்கு நிகராய் உயர்த்தி அவர் கட்டிய அந்த நூல், அழுத்துப்பொறியைக் காணாமலே பலகைபோல் படிந்து கிடந்தது. பழக்கத்தால் தட்டுவதற்கு உள்ளங்கையை ஓங்கியவர், நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார். வள்ளிக்கண்ணு அவ்வட்டையைத் தடவிப் பார்த்து, முன்னையதைவிட இதுவே நல்ல கட்டு என்று மனமாரச் சொன்னாள்.

வியாழக்கிழமை வந்தது. படித்துறையில் கைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு ஆண்டி வந்து அமர்ந்தார். நடந்தது எதனையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் விரல் நடுங்கும் என்று வள்ளிக்கண்ணு தடுத்திருந்தாள். அற்புதசாமி நூலை நடுவே பிரித்து ஒரு பக்கத்தை அவர்முன் வைத்தார். விரல் முதல் வரியில் இறங்கியது, நின்றது, ஊர்ந்தது. ஒவ்வோர் எழுத்தாய், பின் ஒவ்வொரு சொல்லாய், ஏற்றம் இறைப்பவரின் நிதானத்தோடு ஆண்டி படிக்கத் தொடங்கினார். இரண்டு வரிகள் கடந்தன, மூன்றும் கடந்தன. ஐந்தாம் வரியின் நடுவே விரல் நின்றுவிட்டது. பின்னோக்கிச் சென்று மீண்டும் தடவியது; மறுபடியும் நின்றது. வாசற்படியில் நின்ற ஹனீஃபா ஓரடி உள்ளே எடுத்துவைத்தார். தான் விரலால் ஓட்டிப் பார்த்துச் சரியென்று சொன்ன வரி அது என்று வள்ளிக்கண்ணு எண்ணினாள்.

"இது தப்புங்க" என்றார் ஆண்டி.

அற்புதசாமி பெருமூச்சுவிட்டு எழப்போனார். "எழுத்து வெளங்கலையா?"

"எழுத்து முத்து முத்தா இருக்குங்க ஐயா. சொல்ற சேதிதான் தப்பு. வாடல் கண்ட மரத்தை வெட்டி அதே வரிசையில குழி தோண்டிப் பொதைக்கச் சொல்லுது. மேட்டாங்காட்டுக்கு அது சரியா இருக்கலாம். நம்ம ஆத்துப் படுகையில ரெண்டு அடி தோண்டுனா ஊத்துத் தண்ணி. நோயை அடுத்த வரிசைக்கு அதுவே இழுத்துட்டுப் போயிரும். கொல்லைக்கு வெளிய கொண்டுபோயி எரிக்கணுங்க. இதை எழுதினவரு காவிரிப் பக்கமே வந்திருக்க மாட்டாரு."

எழப்போன அற்புதசாமி மீண்டும் அமர்ந்தார். அவருடைய முகத்தில் தலைமை மறைந்து தோட்டக்காரர் வெளிப்பட்டார்.

"போன வருஷம் இதே புத்தகத்தைப் படிச்சுட்டுத்தான் நானும் பொதைச்சேன்" என்றார் அவர் மெல்ல. "ரஸ்தாளி எரநூறு மரம். ஒண்ணு மிஞ்சல." "கண்ணால படிச்ச எனக்கு அது தோணலையே" என்றும் சொன்னார்.

பின்னர் நூலகர் பக்கம் திரும்பி, செய்தித்தாள் பலகையை வாயிற்புறச் சுவரில் அடிக்குமாறும், தொடுநூல் அடுக்குக்கு அருகே இன்னோர் அடுக்குக்கு இடம் ஒதுக்குமாறும், வள்ளிக்கண்ணுவின் வேலையை நிலையாக்குமாறும், புள்ளிநூல்கள் யாவும் இனி ஹனீஃபாவின் நாடாக் கட்டிலேயே கட்டப்பட வேண்டுமென்றும் கூறினார். மனப்பாடம் செய்தவன் ஒப்பிப்பான், படித்தவன்தான் சண்டைபிடிப்பான் என்று அவர் அன்று சொன்னதைப் பிச்சை பல்லாண்டுகள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். ஹனீஃபா ஆண்டியின் அருகே வந்து, அந்தக் காய்த்த விரல்களைத் தம் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். இவர் யார், ஏன் அழுகிறார் என்று ஆண்டிக்கு விளங்கவில்லை. வள்ளிக்கண்ணு அப்பொழுதுதான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது, மூன்று நாளாய் அடக்கிவைத்திருந்த சிரிப்பும் கண்ணீரும் அவளுக்கு ஒன்றாய் வந்தன.

அன்று பிற்பகல் ஆண்டி சொல்லச் சொல்ல, அவள் அப்பக்கத்தின் அடியில் அவருடைய திருத்தத்தைக் குத்திச் சேர்த்தாள். அவள் குத்தி முடித்தபின், நூலகர் அச்சுநூலை எடுத்து, அதே இடத்தில் மையால், "இக்கருத்து ஆற்றுப்படுகைக்குப் பொருந்தாது, நோய்கண்ட மரத்தை வெளியே கொண்டுசென்று எரிக்க. கூறியவர்: தொட்டியம் ஆண்டி" என்று எழுதிவைத்தார். அன்பரே, அதன்பின் அந்நூலைக் கண்ணால் படிக்க வந்த உழவர் எத்தனையோ பேர், அவ்வரியைக் கண்டு, அவ்வண்ணமே செய்து, தம் கொல்லைகளைக் காத்துக்கொண்டனர். நூலிலிருந்து தாம் பெற வந்ததைப் பெற்று, நூலுக்குத் தாம் தரவேண்டியதையும் தந்து, ஆண்டி அன்று மாலைப் பேருந்தில் ஊர் திரும்பினார். வள்ளிக்கண்ணு தன் ஊசியைத் துடைத்து எடுத்துக்கொண்டு, மேலைச் சாளரத்தின் வழியே சாய்ந்து வந்த வெயிலில், அடுத்த நூலின் முதல் தாளைச் சட்டத்தில் செருகினாள்.