இமோஜீனின் இருபத்தைந்து கோடு

எங்கள் ஊரில் சில்லிக் குழம்பு என்றால் மாட்டுக்கறியும் மிளகாயும் மட்டும்தான். பீன்ஸ் போட்டவனைப் போட்டித் திடலுக்குள்ளேயே விடமாட்டார்கள். டெக்சாஸில் இதற்காக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. அக்டோபர் வந்தால் தீயணைப்பு நிலையத்து வாசலில் வரிசையாக அடுப்பு மூட்டிக் காய்ச்சுவோம். நடுவர் என் நாத்தனார் இமோஜீன். யார் காய்ச்சியது என்று தெரியாதபடி எண் போட்ட கோப்பைகளில்தான் அவள் முன்னால் வைப்பார்கள். இருந்தும் வருஷம் தவறாமல் எனக்கு இரண்டாம் பரிசுதான், சீட்டில் அதே இரண்டு வார்த்தைதான்: உப்பு குறைவு.

இந்த வருஷம் விடுவதாக இல்லை. மிளகாயை வறுத்து நானே அரைத்தேன். உப்பையும் ஒரு கை தாராளமாகப் போட்டேன். அவள் வாயாலேயே நன்றாக இருக்கிறது என்று சொல்லவைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. முதல் பரிசுக் கோப்பையைக்கூட அவளே வைத்துக்கொள்ளட்டும்.

கோடையிலிருந்தே இமோஜீன் இளைத்துக்கொண்டு வந்தாள். கேட்டால், "கோர்ட்டைச் சுத்தி தினம் நடக்கறேன்டி, வேற ஒண்ணுமில்ல" என்பாள். காரை விட்டு இறங்கி அவள் பத்தடி நடந்து நான் பார்த்ததில்லை. ஊரில் பாதிப் பெண்கள் இளைக்கிற ஊசி போடுகிறார்கள், மறைப்பதும் இல்லை. சில மருந்துக்கடைகள் தாங்களே கலந்து தயாரித்துச் சின்னக் குப்பியில் அடைத்துத் தபாலில் அனுப்பிவிடுகின்றன. வாரம் ஒருமுறை ஊசிக்குழலில் கோடு பார்த்து உறிஞ்சி வயிற்றில் குத்திக்கொள்ள வேண்டியதுதான். டவியின் அழகு நிலையத்தில் போய் உட்கார்ந்தால் சௌக்கியமா என்று யாரும் கேட்பதில்லை. "நீ எத்தனை கோடு?" என்றுதான் கேட்கிறார்கள். இமோஜீன் மட்டும் இதையெல்லாம் கேட்டு உதட்டைச் சுழிப்பாள்.

போட்டியன்று அவள் நடுவர் நாற்காலியில் சாம்பல் பூத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். சட்டிகளிலிருந்து கொழுப்பு வாசனை கிளம்பியதும் எழுந்து தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் ஓடினாள். நானும் கரண்டியோடு பின்னாலேயே ஓடினேன்.

"என்ன அண்ணி, எதத் தின்னீங்க?"

"தின்னாத்தான் பரவாயில்லையே! முந்தாநேத்துலேர்ந்து தண்ணிகூடத் தங்கல."

அவள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"ஊசியா?"

அவள் தன் காரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நடக்கறேன்னு சொன்னீங்களே!"

"நடந்தேனே. தபால் பெட்டி வரைக்கும்."

சிரிப்பு வந்தது. அவள் மறுபடி குமட்டியதும் போய்விட்டது. விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. அவளுடைய குப்பி தீர்ந்துவிட்டது, அடுத்தது வரத் தாமதம். ஒரு வாரம் விட்டால் உடம்பு திரும்ப ஏறிவிடும் என்று பயந்து டவியிடம் ரகசியமாக ஒரு குப்பி வாங்கியிருக்கிறாள். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் நான் மோப்பம் பிடித்துவிடுவேனாம். காலிக் குப்பி, புதுக் குப்பி இரண்டும் காரில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தன.

சோள ரொட்டி விற்றுக்கொண்டிருந்த டவியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"நான் பத்து கோடுதான் போடறேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே, இமோஜீன்!"

"உனக்குப் பத்து. எனக்கு எப்பவும் இருபத்தஞ்சுதான். கோடு கோடுதானே?"

"என் மருந்து வேற கடையோடதுடி!"

நான் நஞ்சு உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டேன். எடுத்தவள் பதற்றமே இல்லாமல் இரண்டு குப்பியிலும் ஒட்டியிருப்பதைப் படிக்கச் சொன்னாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தேன். பழையதில் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம். டவியுடையதில் ஒரு மில்லிக்கு ஐந்து.

"கோடு எவ்வளவு தண்ணின்னுதான் காட்டும்மா. அதுக்குள்ள எவ்வளவு மருந்துன்னு குப்பிதான் சொல்லணும். அவங்க அஞ்சு மடங்கு போட்டிருக்காங்க. சீக்கிரத்துல இறங்குற மருந்தில்ல இது. தண்ணியே தங்கலன்னா வீட்ல வெச்சுப் பாக்காதீங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு குப்பியையும் கையோட எடுத்துக்குங்க. அடுத்த ஊசி டாக்டர் சொல்ற வரைக்கும் வேண்டாம்."

அதே நேரம் போட்டி மணி அடித்தது. சட்டிக்குச் சொந்தக்காரரே நின்று கோப்பையில் ஊற்றித் தர வேண்டும். ஆள் இல்லாத சட்டி போட்டியில் இல்லை. புருஷன் நின்றாலும் செல்லாது.

"நீ போடி" என்றாள் இமோஜீன். "டவி கூட்டிட்டுப் போவா. வருஷம் பூரா அந்தச் சட்டியப் பத்தியேதான பேசிட்டிருந்த."

சொல்லிக்கொண்டே அவள் சரிந்தாள். பிடித்தேன். இவ்வளவு லேசாக இருந்தாள் என்பதே எனக்குப் பயமாக இருந்தது. இவளோடு சண்டை போடாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கரண்டியை டவியிடம் கொடுத்து, "என் புருஷன்கிட்ட அடுப்ப அணைக்கச் சொல்லு" என்றேன்.

காருக்குப் போக நடுவர் மேஜையைத் தாண்டித்தான் வழி. அங்கே இமோஜீன் என் பிடியை உதறி ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"எல்லாரும் கேளுங்க. நான் நடக்கல. ஊசிதான். அடுத்தவ குப்பில போட்டுக்கிட்டு இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறேன். எத்தன கோடுன்னு கேக்கறத விடுங்கடி, குப்பியப் படிங்க!"

அப்புறம் ஒவ்வொருத்தியாக ஏதோ ஞாபகம் வந்த மாதிரி தன் தன் காரைப் பார்த்து நகர ஆரம்பித்தாள். பாதிரியாரின் மனைவிதான் முதலில் ஓடியது.

ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் திட்டிய திட்டில் எனக்கே வியர்த்தது. இமோஜீனுக்குப் பதில் தீயணைப்புக்காரர் ஒருவர் ருசி பார்த்ததில், யாரோ பக்கத்து ஊர்க்காரன் முதல் பரிசு வாங்கினான். என் சட்டியில் இருந்ததை என் புருஷன் ராய்ஸ் டப்பாவில் அடைத்து உறையவைத்திருந்தான். இமோஜீன் ருசி பார்க்கிற வரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன்.

டாக்டர் எல்லாம் சாப்பிடலாம் என்று சொன்ன மறுநாளே இமோஜீன் என் சமையலறைக்கு வந்தாள். புதுக் குப்பி வந்திருக்கிறதாம், டாக்டரைப் பார்த்த பிறகுதான் திறப்பாளாம். அதன் மேல் ஒட்டியிருந்ததை என்னிடம் சத்தமாகப் படித்தே காட்டினாள். பிறகு நான் சூடாக்கி வைத்திருந்த சில்லிக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள்.

ஒரு ஸ்பூன் எடுத்தாள். மென்றாள். இன்னொன்று எடுத்தாள். நான் துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அண்ணி, எப்படி இருக்கு?"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பு ஜாஸ்திடி."

மண்டையில் போடலாம் போல வந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "விடு, விடு, ஆறிப்போகுது" என்று என்னைத் தள்ளிவிட்டு அவள் மூன்றாவது ஸ்பூனை எடுத்தாள்.