மாஸ்டர் சொதப்பிய முந்நூற்றுப் பதினொன்று

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் ஆயிரத்து இருநூறு வாக்கியங்கள் தொலையப் போகின்றன. அத்தனையும் நான் எழுதியவை. அழவேண்டியவன் நன்றி சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் என்றால் என் வாக்கியங்களின் லட்சணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

என் சித்தி மகள் பேச்சுப் பயிற்சியாளர். தொண்டைப் புற்றுநோயால் குரல்வளையையே எடுக்கவேண்டி வந்தவர்கள் அவளிடம் வருவார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அன்றாடம் தேவைப்படும் வாக்கியங்களை அவர்கள் குரலில் பதிவுசெய்துவிடுவாள். பிறகு ஒரு டேப்லெட்டில் பொத்தானைத் தொட்டால், அவரவர் குரலில் அவரவர் வாக்கியம் பேசும். "அண்ணா, நீதான் எழுத்தாளராச்சே, வாக்கியம் எழுதிக் கொடேன்" என்றாள். கேட்கவேண்டுமா? ஒரே மாதத்தில் ஆயிரத்து இருநூறு எழுதிக் கொடுத்தேன்.

(நாற்பத்தேழாவது வாக்கியம்: "தயவுசெய்து எனக்குச் சிறிது வெந்நீர் அளிக்க இயலுமா?" சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.)

2

எங்கே தொடங்குவது என்பதில்தான் தகராறு.

தொடக்கம் ஒன்று: "அன்று காலை அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை, ஆனால் அந்த அமைதிக்குள் ஏதோ ஒன்று"

என்ன ஏதோ ஒன்று? பேய்க்கதையா எழுதுகிறேன்? விட்டாயிற்று.

தொடக்கம் இரண்டு: "ரான்சம்வேர் எனப்படும் தீய நிரல், கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும் வகையைச்"

இதற்கு மேல் போனால் எனக்கே தூக்கம் வருகிறது.

தொடக்கம் மூன்று, மாஸ்டர். முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் கத்திக் கத்தியே தொண்டை போய்விட்டது என்பது அவர் மனைவியின் கட்சி. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அந்த அம்மா டாக்டரைப் பெரிதாக மதிப்பதில்லை. பத்தொன்பது நாள் பதிவு நடந்தது. அந்த அம்மா தினமும் மூலை நாற்காலியில் இருந்தார்.

நாற்பத்தேழாவது வாக்கியம் வந்ததும் மாஸ்டர் தாளைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, எந்த மனுஷன் வீட்டுல இப்படிக் கேப்பான்? இதை எழுதினவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"மாஸ்டர், ரெக்கார்டு ஓடுது."

"ஓடட்டும். நானா புடிச்சு நிறுத்தினேன்?"

மறுபடி படித்தார். மூன்றாம் முறை நன்றாக வந்தது. இப்படித்தான் என் வாக்கியங்கள் ஒவ்வொன்றும் அவர் வாயில் பாடுபட்டு நல்லபடியாகப் பிறந்தன. பிறகு அறுவைச் சிகிச்சை நடந்தது, குரல்வளை போயிற்று, உயிர் பிழைத்தது. புண் ஆறியதும் டேப்லெட்டை வாங்க வருவதாக ஏற்பாடு.

3

இனி, அத்தனையும் தொலையக் காரணமான தப்பு. வேறு தொழில் செய்பவர்கள் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

சித்தி மகளுக்குச் சத்தம் ஆகாது. பதிவு அறையில் கடிகாரம்கூடக் கிடையாது. வைரஸ் தேடும் மென்பொருள் ஓடினால் கணினியின் விசிறி இரைகிறது, மைக்கில் ஏறுகிறது என்று அதை நிறுத்திவைத்திருந்தாள். எச்சரிக்கை மணி எல்லாவற்றையும் ஊமையாக்கியிருந்தாள். பதிவு முடிந்த பிறகும் அவற்றைத் திரும்பப் போடவில்லை. கணினி சத்தம் போடாமல் இருந்தால் நல்ல கணினி என்பது அவள் கணக்கு.

மைக்குக்குப் போடும் பஞ்சு உறை ஒன்று வாங்கக் கேட்டிருந்தாள். அந்த வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது: உங்கள் பொருள் வரத் தாமதமாகும், விவரம் இணைப்பில். (ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே மாதிரி அனுப்புவார்கள். யாரோ சிலர் எதையோ எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள் அல்லவா, அவர்கள் மாட்டுவார்கள்.) இணைப்பைத் திறந்தாள். முழுவதும் பார்க்க அனுமதி கொடுங்கள் என்று மேலே மஞ்சள் பட்டை கேட்டது. கொடுத்தாள். வெறும் பக்கம்தான் வந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். அங்கே இன்னொரு நோயாளி காத்திருந்தார்.

அவள் கொடுத்த அந்த ஓர் அனுமதி போதுமானதாக இருந்தது. வந்த நிரல், கணினி தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பழைய பிரதிகளை முதலில் அழித்தது. பிறகு கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, படிக்க முடியாதபடி குழப்பி, அதே இடத்தில் திரும்ப வைத்து, பெயருக்குப் பின்னால் ஒரு புரியாத வால் ஒட்டியது. எதையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. நம் பீரோவிலேயே நம் துணியை வைத்து, சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு போவதுபோல. அடுத்து, பக்கத்தில் செருகியிருந்த சேமிப்பு வட்டு. பிரதி எடுக்க மறந்துவிடக் கூடாது என்று அதை எப்போதும் செருகியே வைத்திருப்பாள். பொறுப்பானவள். அந்தப் பொறுப்பின் வழியாகவே இரண்டாம் பிரதியும் பூட்டப்பட்டது.

நாற்பது நிமிடம். விசிறி இரைந்திருக்க வேண்டும், கேட்க ஆளில்லை. திரும்பி வந்தபோது திரையில் ஒரு கடிதம் இருந்தது. பயப்பட வேண்டாம், உங்கள் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன என்று ஆரம்பித்தது. எவ்வளவு, எப்படி, எத்தனை நாளுக்குள் என்று கீழே எழுதியிருந்தது. அவள் எல்லா வயரையும் பிடுங்கினாள். அதற்குள் காப்பாற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

4

இந்த இடத்தில் வில்லன் வேண்டும் என்று நினைத்தேன். அனுப்பியவனுக்கு ஓர் அறை கொடுத்தேன், அழுக்கு பனியன் கொடுத்தேன், "அவனுக்கும் ஒரு தாய்" என்று ஆரம்பித்தேன். ஆறு வரிக்கு மேல் நகரவில்லை. அவனை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. என் நன்றியில் அவனுக்குப் பங்கு கிடையாது. வெளியே போகச் சொல்லிவிட்டேன்.

கணினி பழுதுபார்ப்பவரையும் முதல் வரைவில் மேதாவியாக எழுதியிருந்தேன். உண்மையில் அவர் ஜலதோஷம் பிடித்த மனிதர்.

"பூட்டுதான் மேடம். இந்த வகைக்கு இன்னும் யாரும் சாவி கண்டுபுடிக்கல."

"அவங்க கேக்கறதைக் கொடுத்துட்டா?"

"கொடுத்த பிறகு தருவான்னு என்ன நிச்சயம்? வேற காப்பி ஏதாவது இருக்கா?"

அவள் வட்டைக் காட்டினாள்.

"இது எப்பவும் செருகியேவா இருந்துச்சு?"

"ஆமா சார். மறந்துடக் கூடாதுன்னு."

அவர் மூக்கைச் சிந்தினார். மற்ற கோப்புகளைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம். மாஸ்டரின் குரலை எங்கே போய்த் திரும்பப் பதிவுசெய்வது?

5

மறுநாள் காலை மாஸ்டர் வீட்டுக்கு அவளே போனாள். போனில் சொல்லியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. மாஸ்டர் கழுத்தில் மெல்லிய துணி கட்டி, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"எல்லாமே போச்சு மாஸ்டர். என் தப்புதான்."

மாஸ்டர் நோட்டைத் திறந்தார். பிறகு எழுதிக் காட்டினார்: அழாதம்மா. அதைப் பார்த்துத்தான் அவள் அழ ஆரம்பித்தாள்.

"எல்லாமேவா?" என்றார் அவர் மனைவி. "நடுநடுவுல என்னைத் திட்டிட்டு இருந்தாரே, அதுவுமா போச்சு?"

"இல்லக்கா, அதெல்லாம் வேஸ்டுன்னு நான் கம்ப்யூட்டர்ல ஏத்தவே"

(அவள் அத்தோடு நிறுத்திவிட்டாள். இந்தக் கதையில் பாதியில் நின்ற வாக்கியங்களிலேயே உருப்படியானது இதுதான்.)

பதிவு நடந்தது கையடக்கமான ஒரு ரெக்கார்டரில். தினமும் மாலை சுத்தமாக வந்தவற்றை மட்டும் கணினிக்கு மாற்றிவிட்டு, ரெக்கார்டரில் அவற்றை அழிப்பாள். இருமியது, சிரித்தது, தடுமாறியது, திட்டியது எல்லாம் அதன் சின்ன மெமரி அட்டையிலேயே கிடக்கும். அவற்றையும் அழிக்கவேண்டும்தான். சோம்பல். ரெக்கார்டர் இப்போதும் அலமாரியில் இருந்தது. யாரும் எதனோடும் செருகவில்லை.

(அட்டையில் அழித்த நல்ல பதிவுகளை மீட்க முடியாதா என்று கேட்கும் விவரமான வாசகருக்கு: ஜலதோஷக்காரர் முயன்றார். அழித்த இடத்திலெல்லாம் அடுத்த நாள் சொதப்பல் ஏறி உட்கார்ந்திருந்ததாம்.)

6

முந்நூற்றுப் பதினொன்று தேறின. கேட்க என்னையும் கூப்பிட்டாள். பதிவு அறையில் நால்வரும் உட்கார்ந்தோம். முதல் இருபதில் என்னைத் திட்டியது மட்டும் எட்டு. மாஸ்டர் தோள் குலுங்கச் சிரித்தார், சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து அவருடைய பழைய சிரிப்பு வந்தது. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இன்னொரு தடவ போடும்மா" என்றார். நான் எழுதிய எந்த வாக்கியத்தையும் யாரும் இன்னொரு தடவை போடச் சொன்னதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

அந்த அம்மா கீழே மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்து மாஸ்டர் அவசரமாக எழுதினார்: இவளுக்கு நன்றி சொல்லணும். இருபத்தஞ்சு நாள் குழாய் வழியா சாப்பாடு கொடுத்தா. நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்ல.

நான் எழுதியவற்றில் நன்றி பத்தொன்பது இடத்தில் இருந்தது. உளமார்ந்த நன்றி, மிக்க நன்றி, என்றென்றும் நன்றி. எல்லாம் பூட்டுக்குள். சித்தி மகள் முந்நூற்றுப் பதினொன்றையும் தேடினாள். ஓர் இடத்தில்கூட இல்லை. மனிதர் தன் பாட்டுக்குப் பேசும்போது அந்தச் சொல் அவர் வாயில் வந்ததே இல்லை.

"நோட்டுலயே எழுதிக் காட்டலாமே மாஸ்டர்" என்றாள்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எழுதினார்: குரல்ல.

"கம்ப்யூட்டர் குரல்ல சொல்லவைக்கலாம்" என்றேன் நான். ஏற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்ட மாணவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

7

முடிவு ஒன்று: யாரோ சாவியைக் கண்டுபிடிக்கிறார்கள், எல்லாம் திறக்கிறது, மாஸ்டர் பொத்தானை அழுத்துகிறார், "என் உளமார்ந்த நன்றி" என்று கம்பீரமாக ஒலிக்கிறது. அந்த அம்மா, "யாருக்குங்க?" என்கிறார். வேண்டாம்.

முடிவு இரண்டு: அங்கங்கே ஓர் எழுத்தை வெட்டி ஒட்டி அந்தச் சொல்லைச் செய்வது. சித்தி மகள் நிஜமாகவே செய்துபார்த்தாள். விக்கல் எடுத்தவர் பேசியதுபோல் இருந்தது. மாஸ்டரே கையை ஆட்டி நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மூன்றாவது, நடந்தது. மாஸ்டர் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு தன் சொதப்பல்களைக் கேட்டார். ஒன்றில் நிறுத்தினார், மறுபடி கேட்டார், விரலால் காட்டினார். அவள் அதை டேப்லெட்டின் முதல் பொத்தானில் போட்டாள்.

அது எது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். என் வாக்கியங்களால் இந்தக் குடும்பம் பட்டது போதும். பட்டியலில் இவை இருந்தன: "இவளே, உக்காரு. நீ நின்னா எனக்குப் படிக்க ஓடல." "எங்க போயிட்ட? ஆளைக் காணோமேன்னு பார்த்தேன்." "நீ ஓட்டு, நான் பக்கத்துலதான இருக்கேன்." "என் கண்ணாடி எங்கன்னு அவளைக் கேளும்மா, எனக்கென்ன தெரியும்?" ஒரு வெறும் சிரிப்பும் இருந்தது, எட்டு விநாடி, முடிவில் அந்த அம்மாவின் சிரிப்பும் சேர்ந்து. உங்கள் வீட்டில் எது நன்றியாகப் புழங்குகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் இல்லாததாக இருந்தாலும் சரி.

பூட்டியவனுக்கு இல்லை, சோம்பலுக்கு நன்றி. அழிக்காமல் விட்ட என் தங்கைக்கு நன்றி, சரியான கேள்வி கேட்ட அந்த அம்மாவுக்கு நன்றி. நல்ல பதிவுகள் பிழைத்திருந்தால் மாஸ்டர் என் பத்தொன்பதில் ஒன்றை அழுத்தி வேலையை முடித்திருப்பார். தப்பித்தோம்.

அந்த அம்மா மருந்துப் பையோடு உள்ளே வந்தார். மாஸ்டர் பொத்தானை அழுத்தினார்.

அந்த அம்மா பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"அதுக்கென்ன இப்போ. விடுங்க."