இரண்டு காலும் தரையில்

துணி ஆலையின் இஸ்திரிப் பிரிவிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்திருந்தாள் அவள். உடம்பில் நீராவி வாசனை இன்னும் போகவில்லை. பார்வையாளர் பெஞ்சில் இடம் இருந்தது. உட்காரத்தான் மனம் வரவில்லை. கம்பி வேலியைப் பிடித்தபடி நின்றாள்.

உள்ளே மகள் கால்பந்தை விரட்டிக்கொண்டிருந்தாள். இன்று தேர்வு ஆட்டம். தேர்வானால் விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொண்டு படிப்பும் சாப்பாடும் கொடுப்பார்கள். தேர்வாகாவிட்டால்? சூப்பர்வைசர் முன்னமே சொல்லிவைத்திருந்தான்: "பொண்ணு வளந்துட்டாளாமே, கூட்டிட்டு வாம்மா. பிசிறு நூல் வெட்ட ஆள் பத்தல."

பக்கத்தில் கோல் கீப்பரின் அப்பா, வேன் ஓட்டுகிறவர், தொண்டை கிழியக் கத்தினார்.

"யோவ் ரெஃப்ரி! கண்ணை வீட்லயே கழட்டி வெச்சுட்டு வந்தியா?" பிறகு அவள் பக்கம் திரும்பினார். "என்னக்கா, வாயே தொறக்க மாட்டேங்கிறீங்க? உங்க பொண்ணு பறக்கிறா!"

"பறக்கட்டும் தம்பி."

சொல்லி வாய் மூடவில்லை, எதிரணிப் பெண் மோதி மகள் விழுந்தாள். உடனே எழுந்தாள், சிரித்தாள். கோச் பார்த்தபோது இரண்டு காலையும் ஊன்றி விறைப்பாக நின்றாள். அவர் திரும்பியதும் வலது குதிகால் மெல்ல மேலெழும்பியது. உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. அவர் மறுபடி பார்த்தார். குதிகால் இறங்கியது.

அம்மா அதை அடையாளம் கண்டுகொண்டாள். அது அவளுடைய நிற்பு. நாளெல்லாம் இஸ்திரி மேசை முன் நிற்கிறவர்களின் நிற்பு. சூப்பர்வைசர் வந்தால் இரண்டு காலும் தரையில். அவன் முதுகைக் காட்டியதும் வலிக்கிற காலுக்குக் கொஞ்சம் ஓய்வு. கால் கோளாறு என்று தெரிந்துவிட்டால் அந்த மேசையில் வேறொருத்தி நிற்பாள். மகளுக்கு இதை அவள் சொல்லித் தந்ததே இல்லை. வீட்டு அடுப்படியிலும் தான் அப்படி நிற்பதைப் பார்த்தே பழகிவிட்டாளோ என்னவோ.

இடைவேளையில் மகள் தண்ணீர் குடிக்க வேலியோரம் வந்தாள்.

"முட்டியாடி?"

"ஒண்ணுமில்லம்மா."

"என்கிட்டயேவா? காட்டு."

"கத்தாதம்மா. இன்னும் பாதி ஆட்டம்தானே. முட்டி வீங்கினப்ப நீ மட்டும் லீவு போட்டியா?"

அவள் கம்பி இடுக்கில் விரலை நுழைத்து முட்டியைத் தொட்டாள். இஸ்திரி போட்டு எடுத்த துணிபோலச் சுட்டது.

கோச் வந்தார். "என்னம்மா, அடி பட்டிருக்கா? இருந்தா சொல்லிடுங்க. வேற பொண்ண இறக்கிக்கிறேன்."

மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. மூடிய பாட்டிலின் மூடியையே இன்னும் திருகிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அம்மாவுக்குள் அடித்துக்கொண்டது. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

"அதெல்லாம் இல்ல சார். விழுந்த பதட்டம், அவ்வளவுதான்."

விசில் ஒலித்தது. மகள் நொண்டாமல் ஓடினாள்.

"கல்லு மாதிரி பொண்ணுக்கா!" என்று வேன்காரர் கைதட்டினார்.

கோட்டோரம் நடந்துகொண்டிருந்த கோச், ஏதோ நினைத்தவர்போல வேலிப்பக்கம் திரும்பினார். இடது காலில் சாய்ந்து நின்றிருந்த அம்மா, சட்டென்று வலது குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.